வேம்புக்கு மஞ்சள் துணி

விருத்தாசலம் பஸ் நிலையத்தில், வேப்பூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பின் பெஞ்சிலிருந்து கேட்டது.

“வேப்பமரத்துக்கு மஞ்சத்துணி கட்டுனது நான்தான்.”

சொன்னவர் கழுத்தில் சிலுவை போட்ட வயதான டீச்சர். பக்கத்தில் இருந்தவள் பதறினாள்.

“ஐயோ டீச்சர்! யாரு கட்டுனதுன்னு ஃபாதர் ஒவ்வொருத்தரா கூப்புட்டு விசாரிக்கிறாரு.”

“ஸ்கூல்ல நான் வெச்ச மரம். ரிட்டயர் ஆவுற வரைக்கும் அது நெழல்லதான் பாடம் எடுத்தேன். கட்டடத்துக்காக வெட்டணும்னுட்டாரு. துணியப் பாத்ததும் வெட்ட வந்த ஆளுங்க அம்மன் மரம்னு கோடாலியோட ஓடிட்டாங்க.”

“தெரிஞ்சா உங்கள கோயிலுக்குள்ளயே விட மாட்டாரு.”

“நானே போயி அவரு காதுலயே பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்கப் போறேன். பாவசங்கீர்த்தனத்துல.”

“அப்புறம்?”

“பாவம்னுதான் சொல்வாரு, ஜெபமாலை சொல்லிக்கறேன். ஆனா அங்க கேட்டத, திருச்சபைச் சட்டப்படி, அவரு வெளிய சொல்லவும் கூடாது, அத வெச்சு எதுவும் செய்யவும் கூடாது.”

சர்க்கார் கோப்புகளோடு ஆயுளைக் கழித்தவன் நான். இவ்வளவு கச்சிதமான தடையுத்தரவை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.