அஞ்சு மணிக்கு அம்மா எடுக்கிற சீட்டு

இல்லக்கா, ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க. எனக்கு டிரைவர் தலைக்கு மேல இருக்கிற கடிகாரம் தெரியணும். நாலு இருபது... அஞ்சுக்குள்ள போயிடுவாரில்ல? அஞ்சு மணியானா எங்கம்மா எனக்குன்னு ஒரு சீட்டு எடுத்துடுவாங்க. ஐயோ, ரம்மி இல்லக்கா! டேரட். படம் போட்ட சீட்டப் பாத்து நடக்கப்போறதச் சொல்லுவாங்களே, அது.

அம்மா, சித்தி, எங்கண்ணன்... மூணு பேருக்கும் அது ரத்தத்துலயே ஓடுது. எனக்கா? எனக்கு அம்மாவோட மூக்கு மட்டும்தான் வந்துச்சு. சிரிக்காதீங்க, அந்த வீட்ல வளர்ந்து பாருங்க தெரியும்! பாஸாயிட்டேன்னு ஓடிவந்தா அம்மா, ‘தெரியும், கைகழுவிட்டு வா’ங்கறாங்க. வேலை கிடைச்சத சொல்ல வாயத் தொறக்கறேன், அண்ணன் பஸ் பாஸ நீட்டறான். ஒருத்தர லவ் பண்றேன்னு ஆரம்பிச்சா சித்தி, கோடு போட்ட சட்டைதானே, போன வாரமே பாத்தாச்சுங்கறாங்க. முப்பத்திரண்டு வயசாச்சுக்கா, ஒரு சேதியக்கூட முழுசா சொல்லி முடிச்சதில்ல.

அண்ணே, பச்சை விழுந்துடுச்சு, எடுங்கண்ணே!

இன்னிக்குச் சேதிய போன்லயே சொல்லிடலாமேங்கறீங்களா? ம்ஹூம். மூஞ்சியப் பாக்கணும். ஆச்சரியப்பட்டா அம்மா எப்படி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா.

தப்பா சொன்னதே இல்லியாவா? நேத்துவரைக்கும் இல்ல. ஆறு வருஷம் முன்னாடி எனக்காக மூணு பேரும் தனித்தனியா சீட்டு போட்டாங்க. மூணுலயும் ஒரே பதில். அதுக்கப்புறம் வீட்ல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கல. அண்ணி அவங்க குழந்தை சட்டையக்கூட என் எதிர்ல மடிக்க மாட்டாங்க. நானும் நம்பிட்டேன். அதான், வயிறு உப்பசமா இருக்கேன்னு இன்னிக்கு கேஸ் மாத்திரை வாங்கத்தான் டாக்டர்கிட்ட போனேன்.

இந்தாங்க, ஸ்கேன் படத்தப் பாருங்க. அது கறை இல்லக்கா, தலை! பதினாலு வாரமாம்.

வீட்டுக்காரருக்கா? இன்னும் சொல்லல. சொன்னா சந்தோஷத்துல நேரா அம்மாவுக்குப் போன் போட்டுடுவாரு. நீங்கதான் முதல் ஆளு. அட... ஏங்க்கா அழறீங்க? உங்களப் பாத்தா எனக்கும் வருது.

நாலு ஐம்பத்தேழு! இதான் என் ஸ்டாப். இங்கேருந்து ஒரே ஓட்டமா ஓடினா...

என்னக்கா? ஆமால்ல. ஓடக்கூடாதில்ல.

சரி, எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. நான் மெதுவாவே நடந்து போறேன்.