உள்ளே இடம் இருந்தது

சைரன் அடிக்கிறது. முதலில் முனகல். பிறகு காதைக் கிழிக்கிற ஊளை. கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டு ஓடுகிறேன். சரளைக்கல்லில் கால் வழுக்குகிறது. பக்கத்தில் ரஹ்மத் ஓடிவருகிறார். "ஜல்தி, பாய்! ஜல்தி!"

தூரத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். ராக்கெட் கிளம்பிவிட்டது. இனி விழவேண்டியதுதான் பாக்கி.

கனகராஜ் இன்னும் கிச்சனில் இருக்கிறான். கேஸை மூடிக்கொண்டிருக்கிறான்.

"வாடா! விட்டுட்டு வாடா!"

"அடுப்பு எரியுதுண்ணே! நீங்க போங்க, வர்றேன்!"

முதல் குண்டு வேலிக்கு வெளியே விழுந்தது. மண் மழையாகக் கொட்டியது.

2007, ஜூலை. ஆப்கானிஸ்தானின் தெற்கே, பாலைவனத்து நடுவில் ஒரு ராணுவ முகாம். நான் சமையல்காரன், தொண்டிப் பக்கம். கனகராஜ் எனக்குக் கைத்துணை, முதுகுளத்தூர்க்காரன். துபாய்ப் பக்கம் அல் ஐனில் இரண்டு பேரும் ஒரே ரூம். பர் துபாயில் கம்பெனி ஆபீஸில் கூப்பிட்டு, "அதே கிச்சன் டூட்டி, வேற சைட்" என்றார்கள். அந்த சைட் சண்டை நடக்கிற நாட்டில் இருக்கிறது என்பது விமானம் ஏறும்போதுதான் தெரிந்தது. பாஸ்போர்ட் அவர்கள் கையில். என்ன செய்யமுடியும்?

ரஹ்மத் அந்த மண்ணின் ஆள். முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அகதியாகப் பாகிஸ்தானின் பெஷாவரில் இருந்தபோது உருது பழகியவர். தினமும் அவர் ஊர் ரொட்டி கொண்டுவருவார். என் பருப்பைத் தொட்டுக்கொள்வார். அவர் ஊருக்குத் தண்ணீர் மலையடிவாரத்திலிருந்து மண்ணுக்கு அடியில் வாய்க்காலாக வருமாம். மேலே ஓடினால் வெயில் குடித்துவிடும் என்பார். சண்டையில் அந்த வாய்க்கால் இடிந்துபோனது. மாதுளை மரமெல்லாம் விறகாயிற்று. அதற்குப் பிறகுதான் லாரி ஓட்ட வந்தார். கடலைப் பார்த்ததே இல்லை. "அவ்வளவு தண்ணியும் உப்புன்னா, அதை வச்சிக்கிட்டு நீங்க என்னதான் பண்றீங்க?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்.

பதுங்குகிற பங்கரின் வாசல். நான் நுழைகிறேன். ரஹ்மத்தின் மார்பில் ஒரு கை விழுகிறது. எங்கள் சூப்பர்வைசர்.

"லோக்கல் மாஃபி! கேட்டுக்குப் போ!"

"சார், நம்ம தண்ணி வண்டிக்காரர் சார்!"

"ரூல் தெரியாதா? லோக்கல் ஆள் உள்ளே வரக்கூடாது!"

கேட் எங்கே இருக்கிறது? திறந்த வெளியைத் தாண்டி, முகாமின் அந்தக் கோடியில். நான் ரஹ்மத்தின் கையைப் பிடித்து இழுக்கிறேன். அவர் உதறிவிட்டார். "நீ உள்ளே போ, பாய்." கேட்டுப் பக்கம் ஓடவில்லை. திரும்பிப்போய்த் தன் லாரிக்கு அடியில் படுத்தார். யாரோ என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள்.

விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. என் இடது காது அந்த நொடியில் போனது.

வெளியே வந்தபோது கிச்சன் இருந்த இடத்தில் தகரம் எரிந்துகொண்டிருந்தது. கனகராஜ் அதற்குள். லாரியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மண் அதை உடனுக்குடன் உறிஞ்சியது. அடியில் ரஹ்மத். அவர் மூச்சு நின்றிருந்தது.

மறுநாள் முகாம் ஆபீஸில் சொன்னார்கள். "சேதம்: ஒரு தொழிலாளி." கனகராஜைத்தான் சொன்னார்கள்.

"ரஹ்மத் பாய்?"

"அவன் நம்ம ஆள் இல்லை. தண்ணி கான்ட்ராக்ட்காரன் ஆள்."

தண்ணி கான்ட்ராக்ட்காரன் கேட்டுப் பக்கமே வரவில்லை. வந்தது ரஹ்மத்தின் அண்ணன். உடம்பைச் சால்வையில் சுற்றி வேனில் ஏற்றினோம். அவர் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"உள்ளே இடம் இல்லையா?"

இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பெஞ்சு முழுக்கக் காலி. இருந்தது என்றே சொன்னேன். அவர் வேனில் ஏறிக்கொண்டார். வேன் போன புழுதி அடங்கும்வரை நின்றேன்.

அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சண்டை போட்டேன். அடுத்த விமானத்தில் துபாய்க்கு ஏற்றிவிட்டார்கள். பர் துபாய் ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். சேதக் கணக்கில் ரஹ்மத் பெயரையும் எழுதுங்கள் என்றேன். "கலாஸ், பாய். முடிஞ்சு போச்சு. உனக்கு அவன் என்ன சொந்தமா?" என்றார்கள். எங்கள் ரூம் ஆட்களும் அதையேதான் கேட்டார்கள். இப்போது அல் ஐனில் ஒரு ஹோட்டலில் சமைக்கிறேன். சாப்பிட வருகிற ஆப்கான் பட்டாணியர்களிடமெல்லாம் ரஹ்மத் வீட்டாரைப் பற்றி விசாரிக்கிறேன். ரஹ்மத் என்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எந்த ஊர் என்று கேட்கிறார்கள். நான் ஊர்ப்பெயர் கேட்டுவைக்கவில்லை. எவனிடம் கத்தினாலும் ஆறவில்லை.

அதனால் கணக்கை நானே சொல்கிறேன். முதுகுளத்தூர் கனகராஜ். தண்ணீர் லாரி ரஹ்மத். எனக்கு ஒரு காது. அன்று செத்தது ஒருவர் இல்லை. இரண்டு பேர்.