ஐம்பத்திரண்டு கிலோ

பதக்கங்களில் இவ்வளவு தூசி சேரும் என்று யாரும் சொல்வதில்லை. வாரம் தவறாமல் அம்மாதான் துடைத்து வைக்கிறாள். என் ஜூடோ சாதனைகளை எழுத வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஏழு முறை தேசிய சாம்பியன். உலகப் போட்டியில் இரண்டு வெண்கலம், ஒரு தங்கம். எல்லாமே ஐம்பத்திரண்டு கிலோ எடைப் பிரிவில்.

அந்தப் பிரிவு முதலில் என் அக்காவுடையது. நானும் அதே எடைதான், ஆனால் அணியில் ஒரு பிரிவுக்கு ஒருத்திதான். பயிற்சியில் அவள் என்னைத் துணி உதறுவது போல உதறிப் போட்டுவிட்டு, கைகொடுத்துத் தூக்கி, "இடுப்பைத் தாழ்த்துடி, மண்டு" என்று சிரிப்பாள். ஒருமுறைகூட நான் அவளைச் சாய்த்ததில்லை. அவள்மேல் எனக்கு உயிர். அதையும் எழுதுங்கள்.

தேர்வுப் போட்டிக்கு முதல் நாள் மதியம். மாலையில் எடை பார்ப்பார்கள். அக்கா முக்கால் கிலோ கூடுதலாக இருந்தாள். விடுதிக் குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்வையில் எடையை இறக்க உள்ளே போனாள். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் விளையாட்டில் எல்லோரும் அடிக்கிற கூத்துதான்.

"வெளியில தாழ்ப்பாள் போட்டுடு. நான் கெஞ்சினாலும் தெறக்காத, என்ன?"

"சரிக்கா."

அவளை வெளியே தூக்கியபோது மூச்சு இல்லை. அவள் சொன்னதைப் போலீஸ்காரரிடம் அப்படியே சொன்னேன். குழாய்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றும் சொன்னேன். "அவ சொன்னதத்தானே செஞ்ச, உன்மேல என்ன தப்பு?" என்று அம்மா என் தலையைக் கோதினாள்.

கேட்டது. கெஞ்சல் எதுவும் இல்லை. கதவில் இரண்டு தட்டு, சற்றுப் பொறுத்து இன்னும் இரண்டு. ஜூடோவில் பிடியில் சிக்கியவள் இரண்டு முறை தட்டினால் தோற்றேன் என்று பொருள். அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். முதல் வகுப்பில் சொல்லித் தருவதே அதுதான். என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. தட்டுவது நின்ற பிறகும் அங்கேயே இருந்தது.

அந்த ஒரு இடத்துக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். திறந்திருந்தால் அவள் எடை தேறியிருக்க மாட்டாள். இடம் எனக்கே வந்திருக்கும். அது அப்போதே எனக்குத் தெரியும்.

ஆனால் அடுத்த வருடமும் அக்கா இருப்பாளே.