செயலாளரைத் திட்டி வந்த கடிதம்

எண்பதுகளில் ஒரு காலை, திருவெறும்பூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க வீட்டுக்காரரைத் திட்டி வந்த கடிதத்தை நானே டைப் அடிச்சு எல்லார் வீட்டுக்கும் அனுப்பினேன்" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

அவர்கள் குடியிருப்புச் சங்கம் மாதாமாதம் ஒரு சுற்றிதழ் அனுப்புகிறது, அதில் எந்தக் கடிதத்தைப் போடுவது என்று முடிவு செய்பவர் இவர், கணவர்தான் சங்கச் செயலாளர் என்பதெல்லாம் பேச்சிலேயே தெரிந்தது.

"என்னக்கா எழுதியிருந்தாங்க?"

"ரெண்டு மாசமா தெருக்குழாய்ல தண்ணி வரலை, செயலாளர் தூங்குறாரான்னு. நிஜந்தானே? அவர் வழுக்கையைக் கேலி பண்ணி ஒரு வரி இருந்துச்சு. அதை மட்டும் எடுத்துட்டேன்."

"கடிதத்தையே போடாம விட்டிருக்கலாமே?"

"அவருக்குப் பிடிக்காததை எல்லாம் விட்டா, அப்புறம் எனக்கு யாரு எழுதுவாங்க?"

"சார் கோவிச்சுக்கலையா?"

"ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் ஆளைக் கூட்டிட்டு வந்து குழாயைச் சரி பண்ணிட்டார். அப்புறம் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதிக் கொண்டாந்து நீட்டினார்."

"போட்டுட்டீங்களா?"

"ஒரு பக்கத்துக்கு மேல யாருக்கும் கிடையாதுன்னு திருப்பிக் கொடுத்துட்டேன். லீவு போட்டுட்டுச் சுருக்கிக்கிட்டு இருக்கார்."