ரெட்டை சைக்கிளுக்கு ஒரு ஜிபிஎஸ்

— வேணாம் தம்பி, அதை உள்ள வை. இவ சொல்றான்னு நீ ஒவ்வொண்ணா எடுத்துக் கடை பரப்பாத. காலமெல்லாம் பஸ் ஓட்டினவன் நான். எனக்கு வழி காட்ட ஒரு தீப்பெட்டி வேணுமா?

— பஸ் ஓட்டினவருக்குத்தான் வேணும். பஸ்ஸுக்கு ரூட்டு இருந்துச்சு. காலைல டெப்போல கிளம்பி, சாயங்காலம் அதே டெப்போல வந்து நின்னுரும். போன தடவை சைக்கிள்ல என்னை எங்க கொண்டுபோய் நிறுத்தினீங்கன்னு தம்பிகிட்ட சொல்லட்டுமா?

— சொல்லேன். ஊர் பூரா சொல்லியாச்சு, இந்தக் கடை ஒண்ணுதான் பாக்கி.

— கல் குவாரில, தம்பி. கடலுக்குப் போற ரோடுன்னு சொல்லிக்கிட்டு, நேரா குவாரிக்குள்ள. நான் கத்தின கத்துல பிரேக் பிடிச்சார். இறங்கிப் பாத்தா முன் சக்கரத்துக்கு அந்தாண்ட பள்ளம்.

— அக்கா, ஒரு நிமிஷம். அண்ணே, நீங்களும் ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் முன்ன பின்ன உக்காந்து மிதிக்கிற உங்க ரெட்டை சைக்கிளுக்கு செயின் மாட்டின நாள்லருந்து உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். நீங்க சண்டை போடுறது எனக்குப் புதுசில்ல. ஆனா மத்த கஸ்டமருக்குப் புதுசு. பாருங்க, ஒருத்தர் வந்த வழியே போயிட்டார்.

— பாவம், நல்ல மனுஷன். அவருக்காவது வழி தெரிஞ்சிருக்கு.

— பேச்சப் பாரு. தம்பி, என் போன்ல மேப்பு இருக்கு. அது போதும். எதுக்கு வெட்டிச் செலவு?

— ஒண்ணு சொல்லட்டுமா அண்ணே? போன் ஊருக்குள்ள சரி. நாள் பூரா மிதிக்கிறவங்களுக்கு மத்தியானத்துக்குள்ள சார்ஜ் காலி. மழைத்துளி விழுந்தா அதுவே அமுக்கிக்கிட்டு வேற எங்கயோ வழி போடும். சிக்னல் இல்லாத இடத்துல வெறும் கண்ணாடி. மாசக் கடைசில கிளம்புறீங்க, கடலோரமா மூணு வாரம். போனை நம்பிப் போகாதீங்க.

— கேட்டீங்களா? நான் சொன்னா ஏறாது. தம்பி சொன்னாலாவது ஏறட்டும்.

— நீ வாயை மூடினா எல்லாம் ஏறும்.

— நான் வாயை மூடினா குவாரிதான். தம்பி, எங்க கைல இருக்கறது ஒரு மாச வாடகை அளவுக்குத்தான். அதுக்கு மேல ஒரு காசு போட மாட்டேன். அதுக்குள்ள என்ன இருக்கு?

— ரெண்டு இருக்குக்கா. இதோ, இது சின்னது. உள்ள மேப்பு கிடையாது. கிளம்புறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல வழிய வரைஞ்சு இதுல ஏத்திக்கணும். திரையில ஒரு கோடு, அதுமேல ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். கோட்ட விட்டு விலகினா பீப்னு கத்தும். விலை கையக் கடிக்காது. இன்னொண்ணு நடுத்தரம். மேப்பு உள்ளயே இருக்கும். வழி தப்பினா அதுவே வேற வழி போட்டுக் குடுக்கும். வாடகையவிடக் கொஞ்சம் கூட வரும், நான் குறைச்சுப் போட்டுத் தரேன்.

— பேசுறது இல்லையா தம்பி? இந்தா பாரு, கார்லல்லாம் ஒரு பொம்பளை சொல்லுமே, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்புன்னு.

— உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பொம்பளை சொல்லிக்கிட்டுத்தானே வரா? அவ சொன்னதையே கேக்கல.

— பேசுறது வேணும்னா காதுல மாட்டணும் அண்ணே. காதை அடைச்சிட்டு ரோட்டுல போனா பின்னாடி வர்ற லாரி கேக்காது. எதுக்கு வம்பு? கண்ணாலயே பாத்துக்கலாமே.

— இதுல எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்கு இருக்கு. எவனால படிக்க முடியும்?

— இது பெரிய எழுத்து அண்ணே. இதைவிடப் பெரிசு இந்த விலைல வராது.

— அவர் படிக்க வேணாம் தம்பி. பின்னாடி ஹேண்டில்ல மாட்டுங்க, நான் படிச்சுக்கறேன்.

— ஏன்? ஓட்டறவன் நான். பின்னாடி உக்காந்து நீ படிச்சு, நீ கத்தி, அது என் காதுல விழுந்து நான் திருப்புறதுக்குள்ள ரோடு முடிஞ்சிரும். மாட்டினா முன்னாடி மாட்டணும். இல்லன்னா வேணாம்.

— முன்னாடி மாட்டினா நீங்க அதப் பாக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா? வழி கேக்கறது உங்களுக்கு மானப் பிரச்சினை. தம்பி, நான் அதே டெப்போல விசாரணை ஜன்னல்ல உக்காந்திருக்கேன். பொழுதன்னைக்கும் ஊருக்கே வழி சொல்றேன். எந்த பஸ், எங்க இறங்கணும், எந்தப் பக்கம் நடக்கணும். முன்பின் தெரியாத ஜனம் எல்லாம் தலையாட்டிட்டுப் போறாங்க. தாலி கட்டின மனுஷன் ஒருத்தர்தான் காது குடுக்க மாட்டார்.

— ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் ரெண்டு நிமிஷத்துல போயிடுவான். அதான் தலையாட்டுறான்.

— அண்ணே, இது கொஞ்சம் ஓவர்.

— விடுங்க தம்பி, எனக்குப் பழகிப்போச்சு. ஆனா அந்த ரோட்டுப் பிரிவுல போர்டு இருந்துச்சு. கதவு அகலத்துக்கு. பச்சையில வெள்ளை எழுத்து. கடலுக்கு இடது பக்கம்னு அம்பு போட்டு. நான் இடதுன்னு கத்தினேன். இவர் நேரா விட்டார்.

— போர்டைச் செடி மறைச்சிருந்துச்சுன்னு நூறு தடவை சொல்லிட்டேன்.

— அது பொட்டல் காடு! ஒரு புல்லு கிடையாது! எந்தச் செடி மறைச்சுச்சு? பின்னாடி உக்காந்த எனக்கு, உங்க முதுகத் தாண்டி எட்டிப் பாத்த எனக்குத் தெரியுது, முன்னாடி உக்காந்த உங்களுக்குத் தெரியலையா? வேணும்னுதானே போனீங்க? நான் சொன்னேங்கற ஒரே காரணத்துக்காக!

— ஆமா. வேணும்னுதான் போனேன். போதுமா?

— சரி, சரி, ஒண்ணு சொல்லட்டுமா? சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். அண்ணே, நீங்களே கைல பிடிச்சுப் பாருங்க. இந்த நடுத்தரத்த எடுத்துக்கங்க, இப்பத்தான் பெட்டியப் பிரிச்சேன். ஆன் பண்ணிட்டேன். கடைக்குள்ள நின்னா வேலை செய்யாது, ஆகாயம் தெரியற இடத்துல நிக்கணும். வாசல்ல இறங்கி அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க. நீங்க நகர நகர அம்புக்குறி நகரும்.

— குடு. இவகிட்ட நின்னு கத்துறதுக்கு வெயில்ல நடக்கலாம்.

— மெதுவாப் போங்க, படி இருக்கு.

— படி எனக்குத் தெரியும்!

— ஏன்கா, வீட்லயும் இப்படித்தானா?

— முன்னெல்லாம் இல்ல தம்பி. கோவக்காரர்தான், ஆனா இப்படிக் குத்திக் குதற மாட்டார். வேலைய விட்டதுல இருந்துதான். ஓய்வு வயசுக்கு இன்னும் காலம் இருந்துச்சு. முட்டி வலி, பிரேக் மிதிக்க முடியலன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார். அந்த முட்டிய வச்சிக்கிட்டு சைக்கிள்ல மேட்டுல இறங்காம மிதிக்கிறார். கேட்டா எரிஞ்சு விழறார். எனக்கும் அலுத்துப்போச்சு. இந்தப் பயணத்துலயும் இப்படித்தான்னா, நடுவழில இறங்கி பஸ் பிடிச்சு வந்துருவேன்.

— முட்டிக்கு சைக்கிள் நல்லதுன்னு சொல்லுவாங்கக்கா. அதோ வரார்.

— சண்டை போட்டது போதும், முடிவு பண்ணிட்டேன். இதையே போடு தம்பி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாமான்.

— ஒழுங்கா வேலை செஞ்சுதா அண்ணே?

— பிரமாதம். கம்பம் வரைக்கும் அம்பு கூடவே வந்துச்சு. திரும்பினேன், அதுவும் திரும்புச்சு. வெயில்ல கூடப் பளிச்னு தெரியுது. முன்னாடி மாட்டு. இனி எவளும் பின்னாடி இருந்து கத்த வேணாம்.

— குடுங்க, கணக்குப் போட்டுடலாம்... அண்ணே.

— என்ன?

— இல்ல... என் தப்புதான். அவசரத்துல மேல ஒட்டியிருக்கற பிளாஸ்டிக்க உரிக்காமலே குடுத்துட்டேன்.

— உரிச்சிடு. அதுக்கென்ன?

— அண்ணே, அந்த பிளாஸ்டிக்லதான் இந்த மேப்பு, அம்பு எல்லாம் அச்சடிச்சிருக்கு. கடைல பாக்க அழகா இருக்கட்டும்னு கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புற படம். அது நகராது அண்ணே.

— வெயில் அடிச்சுச்சு. கண்ணு கூசுச்சு. நகர்ற மாதிரி இருந்துச்சு.

— பளிச்னு தெரிஞ்சுதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?

— நீ சும்மா இரு.

— என்னைப் பாருங்க.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இல்ல. என் காதைப் பாக்கறீங்க. நேரா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் இப்ப சிரிக்கிறேனா, அழறேனா?

— அக்கா, நான் வேணும்னா உள்ள போறேன்.

— நீங்க இருங்க தம்பி. நீங்க கண்டுபிடிச்சதுதானே? சொல்லுங்க. சிரிக்கிறேனா, அழறேனா?

— தெரியல. போதுமா? தெரியல! நடுவுல ஒரு மசமசப்பு. எத நேராப் பாக்குறேனோ அது அழிஞ்சு போயிடுது. ஓரத்துல இருக்கறது தெரியும். படி தெரியும், கம்பம் தெரியும், எதிர்ல வர்ற வண்டி அசையறது தெரியும். போர்டு தெரியாது. உன் மூஞ்சி தெரியாது. டெப்போ டாக்டர் எழுத்துப் பலகைய மாட்டிப் படிக்கச் சொன்னார். படிக்கல. மறுநாளே முட்டி வலின்னு எழுதிக் குடுத்தேன். அந்த டாக்டர் வெளிய சொல்லாம இருந்தாரே, அவர் மனுஷன்.

— அவர் மனுஷன். நான் யாரு?

— நீ ஜன்னல்ல உக்காந்து ஊருக்கே வழி சொல்றவ. உன்கிட்ட சொன்னா என்ன ஆகும்? கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வைப்ப. வர்றவன் போறவன்கிட்டல்லாம் பாவம் பாவம்ப. எனக்கு வேணாம் அந்தப் பாவம்!

— அதனால என்னைப் பின்னாடி உக்கார வச்சு குவாரிக்கு ஓட்டிக்கிட்டுப் போனீங்க. உங்களுக்குத் தெரியுமா, பின்னாடி இருக்கற ஹேண்டில் திரும்பாது. சும்மா பிடிச்சுக்கறதுக்குத்தான். அந்தப் பள்ளத்துக்கு முன்னாடி அதப் போட்டுத் திருகினேன், பைத்தியக்காரி மாதிரி. செத்துப் போறோம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் இத்தனை நாளா, என்மேல இருக்கற வெறுப்புலதான் அப்படி விட்டீங்கன்னு நெனச்சு வெந்துக்கிட்டிருந்தேன். வேணும்னுதான் போனேன்னு இப்பக்கூட சொன்னீங்களே, வாய் கூசல?

— கண்ணு தெரியலன்னு சொல்றதுக்கு அது சுலபமா இருந்துச்சு.

— எனக்கு? எனக்கு எது சுலபம்?

— உனக்கு என்ன கேடு? இந்தா பாரு, முடிவாச் சொல்றேன். டாக்டர் இது கூடிக்கிட்டேதான் போகும்னுட்டார். அதனாலதான் இந்த வருஷமே கடலோரம் போகணும்னு துடிச்சேன். பஸ்ஸு கைய விட்டுப் போயிடுச்சு. மிச்சம் இருக்கறது அந்த ஒரு ஹேண்டில்தான். அதையும் விடச் சொன்னா, போறதே வேணாம். சைக்கிளத் தம்பிகிட்டயே வித்துட்டு, பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போலாம்.

— அண்ணே, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அக்கா, நீங்களாவது ஏதாவது பேசுங்க. எடுத்ததெல்லாம் உள்ள வச்சிடவா?

— வேணாம் தம்பி. அந்தச் சின்னதக் குடுங்க. கோடு மட்டும் காட்டுமே, அது.

— மேப்பு இல்லாததா? பரவாயில்லையாக்கா?

— கோடு போதும். வழிய நான் வரைஞ்சுக்கறேன், எனக்குத் தெரியாத வழியா? விலகினா கத்தும்னீங்களே, அது நல்லாக் கேக்குமா?

— தெரு முனை வரைக்கும் கேக்கும்கா. இதுக்கு மாட்டுற கிளிப்பு கூடவே வருது. வண்டி வாசல்லதானே நிக்குது, இப்பவே போட்டுடறேன். பின் ஹேண்டில்லதானே?

— இல்ல. முன்னாடி.

— பாத்தியா தம்பி? கடைசில வழிக்கு வந்துட்டா. இவ்வளவு கத்தினதுக்கு, என் இடம் முன்னாடிதான்னு இப்பவாவது ஒத்துக்கிட்டாளே. மாட்டு, மாட்டு, நல்லா இறுக்கி மாட்டு.

— இறுக்கியே மாட்டுங்க தம்பி. மாட்டிட்டு, அந்த முன் சீட்ட என் உயரத்துக்கு இறக்கி வைங்க.