பன்னிரண்டாம் நம்பருக்கு ஒரு படம்

— இதுவும் மங்கலா, தெப்பெய்ம்மா?

— மன்னிச்சிடுங்க, கோஷிரோம்மா. உங்க பையன் வீசறப்போ முகம் பரவால்ல, கை மட்டும் கரைஞ்சு போயிடுது. பந்து எங்கன்னே தெரியல.

— விளக்கா இது. மின்மினி தேவலாம். மழைக்காக பேஸ்பால் ஆட்டத்த நிறுத்தினப்பவே நெனச்சேன், இருட்டிடும்னு.

— ஷட்டர வேகமா வெச்சா படம் கறுப்பா விழுது. மெதுவா வெச்சா பசங்க பேய் மாதிரி இழுபடறாங்க. வெளிச்சம் கூட்டற ஐ.எஸ்.ஓ.வ ஏத்தினா மணல் தூவின மாதிரி வருது.

— யார் யாருன்னு தெரிஞ்சாப் போதுங்க. போன மாசம் என் முறை வந்தப்போ பாதிப் படத்துல வேலிக்கம்பிதான் இருந்துச்சு. யாராவது திட்டினாங்களா?

— திட்டல. சிரிச்சாங்க.

— அது வேற. இந்தாங்க, சோத்துருண்டை. உள்ள உப்புல ஊறின பிளம் வெச்சிருக்கேன். காலையிலேர்ந்து அந்தக் குழாயிலயே கண்ண ஒட்டிக்கிட்டு இருக்கீங்க.

— வேண்டாங்க. கை பிசுபிசுங்கும். லென்ஸ் பெற்றோர் சங்கத்துது.

— சரி, யார் யார எடுத்தீங்க?

— பதினோரு பேரையும் எடுத்தாச்சு. எல்லாருக்கும் சரிசமமா. பிரிவுபசார விழா ஆல்பத்துல ஒருத்தர் கூட, ஒருத்தர் கம்மின்னு வரக்கூடாதில்ல.

— டீம்ல பன்னிரண்டு பேரு.

— அது வந்து... எங்க தெப்பெய் பெஞ்சுல இருக்கான். ஹெல்மெட்ட அடுக்கறான், தண்ணி எடுத்துக் குடுக்கறான். அத எடுத்து வெச்சிருக்கேன்.

— மூணு வருஷமா அதத்தானே எடுக்கறீங்க.

— களத்துல இறங்கினாத்தானே எடுக்க முடியும்.

— இறங்குவான். ஸ்கூல் முடிக்கப்போற மூணாம் வருஷப் பையன நம்ம கோச் சும்மா அனுப்ப மாட்டார். கடைசி ஆட்டத்துல ஒரு தடவையாவது மட்டையக் கையில குடுத்துடுவார். ஞாபகத்துக்குன்னு. போன வருஷம் அந்த நெட்டைப் பையனுக்குக் குடுத்தாரே.

— தோக்கப்போறோம்னு தெரிஞ்சப்புறம்தானே குடுத்தார்.

— அதென்னவோ வாஸ்தவம்.

— அதனாலதான் கோயிலுக்குப் போயும் ஒண்ணும் வேண்டிக்காம வந்துட்டேன். இவன் இறங்கணும்னு கேட்டா, உங்க பையன் தோக்கணும்னு கேட்ட மாதிரி ஆயிடுமே. தோத்தா இந்தப் பசங்களுக்கு இன்னியோட பேஸ்பாலே முடிஞ்சது.

— ஐயே. இது ஒம்பதாவது, கடைசிச் சுத்து, ரெண்டு ஓட்டம் பின்னாடி இருக்கோம், ரெண்டு பேர் அவுட், மூணாவது ஆள் போனா ஆட்டம் முடிஞ்சது. நீங்க வேண்டிக்காமலே நல்லாத் தோத்துக்கிட்டுதான் இருக்கோம்.

— ரெண்டு பேர் பேஸ்ல நிக்கறாங்களே. ஒரு நல்ல அடி விழுந்தா சமம். அடுத்து கோஷிரோதானே?

— அவனா. வீசச் சொல்லுங்க, வீசுவான். மட்டையக் குடுத்தா கொசு அடிப்பான்.

— இருங்க, நல்லா எடுத்துத் தரேன்... கோச் வெளிய வரார்.

— எங்க? எனக்குத் தொப்பி மட்டும்தான் தெரியுது.

— கோஷிரோ தோள்ல கை வெக்கறார். ஏதோ சொல்றார். கோஷிரோ குனிஞ்சு வணங்கறான். மட்டையக் குடுக்கறான்.

— யார்கிட்ட?

— அது வந்து...

— தெப்பெய்ம்மா, யார்கிட்ட?

— மன்னிச்சிடுங்க. மன்னிச்சிடுங்க, கோஷிரோம்மா.

— ஸ்பீக்கர்ல சொல்றாங்க. கோஷிரோவுக்குப் பதிலா பன்னிரண்டாம் நம்பர், தெப்பெய்.

— நான் கேக்கவே இல்லைங்க. சத்தியமா.

— தெரியும். அழாதீங்க, லென்ஸ் நனைஞ்சா சங்கத்துல கத்துவாங்க. அப்போ கோச் முடிவு பண்ணிட்டார். வெளிய வந்தவன் திரும்ப உள்ள போக முடியாது. வீசறவனையே எடுத்துட்டார்னா இன்னொரு சுத்து இருக்கும்னு அவரே நம்பலன்னு அர்த்தம்.

— கோஷிரோ துண்டால முகத்த மூடிக்கிட்டான்.

— அத எடுக்காதீங்க.

— எடுக்கல.

— உங்க பையன எடுங்க. சரிசமமெல்லாம் பாக்காதீங்க. அழுத்தின விரல எடுக்காதீங்க.

— ஃபோகஸ் அவன விட்டுட்டு வேலியப் போய்ப் பிடிச்சுக்குது... இப்ப கெடச்சுட்டான். காதெல்லாம் சிவந்திருக்கு. பயந்தா அவனுக்குக் காதுதான் சிவக்கும்.

— பயப்பட ஒண்ணும் இல்ல. எதிர் டீம் பையன் நேராத்தான் போடுவான். இது எதுக்குன்னு அவனுக்கும் தெரியும்.

— மொதப் பந்து. பார்த்துக்கிட்டே நின்னுட்டான்.

— அடுத்தது வருது.

— ஐயோ, லென்ஸ்ல ஆளக் காணோம். எங்க போனான்?

— லென்ஸ விடுங்க, கண்ணால பாருங்க. அடிச்சுட்டான். பந்து கோட்டுக்கு உள்ளதான் விழுந்திருக்கு. ஒருத்தன் வந்துட்டான். இன்னொருத்தன்... அவனும் வந்துட்டான். சமம், தெப்பெய்ம்மா. உங்க பையன் ரெண்டாவது பேஸ்ல நிக்கறான்.

— இதப் பாருங்க. படத்துல சேறும் ஒரு ஷூவும்தான் இருக்கு.

— ஷூ அவனோடதுதானே. ஆல்பத்துல போடுங்க.

— நீங்க சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— எனக்கே தெரியல. என் பையன் துண்ட எடுத்துட்டானா?

— எடுத்துட்டான். கை தட்டறான். எல்லாரையும்விட சத்தமா தட்டறான் போல.

— அவன் அப்படித்தான். அட, அடுத்தவன் அவுட். போச்சு. அப்ப பத்தாவது சுத்து ஆடணும்.

— யார் வீசுவா?

— அதத்தான் நானும் யோசிக்கறேன். வீசத் தெரிஞ்ச இன்னொருத்தன் கால்ல கட்டோட உக்காந்திருக்கான். மத்தவங்க அவங்கவங்க எடத்த விட்டா அங்க ஓட்டை விழுந்துடும்.

— கோச் தலையச் சொறியறார். இப்படி ஆகும்னு அவர் நெனைக்கவே இல்ல பாவம்... கோஷிரோம்மா. பந்த தெப்பெய்கிட்டக் குடுக்கறார்.

— கோஷிரோ எடத்துக்கு வந்தவன் அவன்தானே. அதுவுமில்லாம, தினமும் நம்ம பசங்க அடிச்சுப் பழக பந்து போடறவனே அவன்தான். குறி தப்பாதுன்னு நெனச்சிருப்பார்.

— தப்பாது. அதாங்க பயமா இருக்கு. அவன் போடறதெல்லாம் அடிக்கறதுக்குன்னே போடற பந்து. நேரா, மெதுவா, இடுப்பு உயரத்துக்கு. மூணு வருஷமா அத மட்டும்தான் பழகியிருக்கான்.

— அங்க போய்ச் சொல்லவும் முடியாது. பெஞ்சுப் பக்கம் பெத்தவங்க போகக் கூடாதே.

— திரும்பிப் பாக்கறானா?

— இல்ல. பந்து வீசற மேட்டுக்கு நடந்து போறான். எதிர் டீம்காரங்க மட்டையச் சுத்திப் பழகறாங்க. அங்க பாருங்க தெப்பெய்ம்மா, இருக்கற வெளிச்சமெல்லாம் அந்த மேட்டு மேலதான் விழுது. அவன் மெதுவா வேற வீசுவான், இந்தத் தடவை தெளிவா வரும். எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம்.

— இந்தாங்க.

— என்னது?

— கேமராவ நீங்க பிடிங்க. என்னால பாக்க முடியாது.