மூன்றாவது வாசல்

தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், சேர். போன வருசம் தொடக்கம் எனக்கும் சீனி வருத்தம். என் பழைய பெண்சாதி சர்மினிக்கு அது என்னைவிடப் பத்து வருசம் முந்தி வந்தது. ஒரே பானைச் சோறு தின்றவர்கள், பிரிந்த பிறகும் ஒரே கிளினிக்கில்தான் நிற்கிறோம் என்று அவளைக் கண்டால் பகிடி விடுவேன். சிரிப்பாள். எங்களுக்குள் பகை இருந்ததில்லை. வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஸ்ரான்லி. வயது ஐம்பத்திரண்டு. கல்முனைக்குடியில் லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதுதான் வீடு. பாண்டிருப்பில் இருக்கிற கல்வீடு சர்மினியின் சீதனம். எங்கள் பக்கத்தில் பிரிகிற ஆம்பிளைதான் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். நான் கட்டாரில் இருந்த நாலு வருசமும் வீட்டுக்குக் காசு அனுப்பவில்லை, போன் எடுக்கவில்லை. திரும்பி வந்தும் நேரே கடை அறைக்குள்தான் புகுந்தேன். விட்டுப் போன குற்றம் என் பக்கம் என்று தீர்த்து நீதிமன்றம் விவாகரத்துக் கொடுத்தது. சரியான தீர்ப்பு. நான் எதிர்த்து ஒன்றும் கதைக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தையல் படிப்பித்துக்கொண்டிருந்தவளை வேலையை விடு என்று சொன்னதும் நான்தான். பிறகு அவளுக்குக் கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க ஏலாமல் போனது. விட்ட வேலை, வந்த வருத்தம், வாழ்ந்த இருபத்திரண்டு வருசம் எல்லாவற்றையும் பார்த்து, மாதம் இருபத்தையாயிரம் நான் அவளுக்குக் கட்ட வேண்டும், நிரந்தரத் தாபரிப்பு என்று கட்டளை போட்டார்கள்.

நிரந்தரம் என்றால் இரண்டு, மூன்று வருசம் என்று நினைத்திருந்தேன். படித்த ஆட்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். பெற்றோல், டீசல் இல்லாத காலம் வந்ததே, அப்போது வயல்காரன் எவனும் மெசினை வெளியில் எடுக்கவில்லை. தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டேன். அவள் பக்கத்தில் இன்சுலின் பில்லுகளை நீட்டினார்கள். தொகை முப்பத்தெட்டாயிரம் ஆனது. அதிலும் நான் பிழை சொல்லவில்லை. ஊசி விலை ஏறினது உண்மைதானே.

படியிறங்கி வரும்போது என் சட்டத்தரணி நளீமிடம் கேட்டேன்.

"இது எப்பதான் முடியும், சேர்?"

"மூணு வாசல்தான் இருக்கு, ஸ்ரான்லி. ஒண்டு, அவ மௌத்தாகணும். ரெண்டு, நீங்க மௌத்தாகணும். மூணாவது, அவ இன்னொருத்தனக் கலியாணம் முடிக்கணும்."

"காசு கட்டாம விட்டா?"

"கடையில இருக்கிற வெல்டிங் மெசினத் தூக்கிட்டுப் போவாங்க. நீங்க மாப்பிள்ள பாருங்க, மனிசன். உங்களுக்கில்ல, அவவுக்கு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று வாசலில் சாவு இல்லாத ஒன்றுதான் நல்ல வாசல் என்று எனக்குப் பட்டது. தனியாகக் கிடக்கிற பொம்பிளைக்கு ஒரு துணை. யாருக்கும் கெடுதல் இல்லை.

டனிஸ்டன் என் கடையில் வெல்டிங் செய்தவன். வாகரை ஊர் ஆள், என்னைவிட ஐந்து வயது இளையவன், பார்த்தால் பத்து வயது இளையவன். சர்மினியின் வீட்டுக் கேற் கழன்றுவிட்டது என்று கேள்விப்பட்டு அவனைத்தான் அனுப்பினேன். மறுகா கூரை ஒழுகினது, அதற்கும் அவன்தான். மூன்றாம் முறை நான் அனுப்பத் தேவை இருக்கவில்லை.

அவனுக்கு நான் காசு அனுப்பினதை வங்கிக் கணக்கில் பார்த்துத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள். ஓம், மாதம் பத்தாயிரம், பதினொரு மாதம். சம்பளம் என்று சொல்லலாம். அவளை அவன் கலியாணம் முடிக்கிற மட்டும் என்று பேசிக்கொண்டோம்.

அவனுடைய முதல் பெண்சாதி றோசாவைத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஒருக்கா ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கை இரண்டு இடத்தில் முறிந்து, ஒரு பக்கக் கண் மூடியிருந்தது. அவளுக்குத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனவனே நான்தான். "கொஞ்சம் கோவம் வந்திட்டு, ஸ்ரான்லி அண்ணன்" என்றான் டனிஸ்டன். அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். விவாகரத்து எடுக்கவில்லை. எடுக்கக் காசும் இல்லை, ஆளும் இல்லை.

எங்கள் சேர்ச்சில் கலியாண அறிவித்தலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இந்த இருவரும் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். மூன்று ஞாயிறும் நான் போனேன். பின்வரிசை வாங்கில் இருந்தேன். போதகர் ஒவ்வொரு முறையும் என்னைத்தான் பார்த்தார். பழைய புருசனுக்கு மனத்தாங்கல் இருக்கும் என்று நினைத்திருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சபையில் நான் எழும்பிக் கதைத்துப் பழக்கம் இல்லை, சேர். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான்.

கலியாணப் பதிவின் பிரதியை நீதிமன்றத்தில் கொடுத்தோம். கட்டளை நின்றது. அன்றைக்குத்தான் நளீம் கேட்டார், "மாப்பிள்ளைக்கு முந்தின சங்கதி ஒண்டும் இல்லயே? இருந்தா இந்தக் கலியாணம் செல்லாது. செல்லாட்டி உங்கட பழைய கட்டள எழும்பி வந்தாலும் வரும்."

"எனக்குத் தெரியா" என்றேன்.

ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தது. அவள் எப்படி இருந்தாள் என்று கேட்கிறீர்கள். கிளினிக்கில் இரண்டு முறை கண்டேன். முதல் முறை தொண்டையில் ஒரு தழும்பு. இரண்டாம் முறை முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். பகிடி விட்டேன், சிரிக்கவில்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தைத் தன் பேரில் எழுதித் தரச் சொல்கிறானாம் என்று நேர்ஸ் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என் நம்பரைக் கூப்பிட்டதும் நான் எழும்பிப் போய்விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு அவள் கடைக்கு வந்தாள். ஜும்ஆத் தொழுகை நேரம். எங்கள் தெரு முழுக்கப் பூட்டிக் கிடக்கும், ஒரு சைக்கிள்கூடப் போகாது. ஒருவரும் காணக் கூடாது என்று அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை. அந்தக் காலில்தான் அவளுக்கு ஆறாத புண்.

"இஞ்சேருங்க" என்றாள். பிரிந்து ஏழு வருசம், அவள் என்னை அப்படிக் கூப்பிடுவதை விடவே இல்லை. "அவன்ட பெண்சாதி உயிரோட இருக்காள். வாகரைக்குப் போன் எடுத்து நானே கதைச்சன். இந்தக் கலியாணம் செல்லாதாம். கோட்டுக்குப் போனா அவன வீட்ட விட்டு எழுப்பலாம்."

"இரு, முதல்ல தண்ணியக் குடி."

"நீங்க வந்து சொல்லணும். அவன் உங்களிட்ட வேல செய்தவன், நீங்க சொன்னா நம்புவாங்க. உங்கட காசு எனக்கு வேணாம். ஊசிக்கு மட்டும் பாத்துத் தந்தாப் போதும்."

"அதெல்லாம் பாப்பம்."

"உங்களுக்கு அவளத் தெரியுமா?"

"ஆர?"

"றோசாவ."

"தெரியா" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். அறைக்குள் கட்டிலில் சரிந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையாம், சீனி இறங்கிவிட்டது போல. பணிஸ் வாங்கி வருகிறேன், சாப்பிட்டுவிட்டுப் படு என்றேன். "கெதியா வாங்க, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள்.

நான் யோசிக்கத்தான் செய்தேன். வழக்குக்குப் போனால் அவளுக்கு மூன்று வருசம் அலைச்சல். எனக்கோ பழைய கட்டளை, சாகிற வரைக்கும். ஊசிக்கு மட்டும் என்று அவள் சொன்னாலும் நீதிமன்றம் அப்படிச் சொல்லாது. நான் என்ன செய்ய ஏலும்? அவளைப் பார்த்துக்கொள்ளவும் ஏலாது, விடவும் ஏலாது. ஏழு வருசமாக அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

முன்கடைக்கு வந்து டனிஸ்டனுக்குப் போன் எடுத்தேன். அவள் இங்கே நிற்கிறாள், றோசாவோடு கதைத்துவிட்டாள், கோட்டுக்குப் போகப் போகிறாள் என்றேன். மூன்று விசயம்தான் சொன்னேன். அவன் மூச்சு மட்டும் கேட்டது. ஆஸ்பத்திரியில் றோசாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதும் அவன் அப்படித்தான் மூச்சு விட்டான். பின்பக்கக் கதவின் கொக்கியைக் கழற்றினேன். அவள் கண்ணை மூடியிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு பணிஸ் வாங்க வெளிக்கிட்டேன்.

ஓம், ஜும்ஆ நேரம் ஒரு கடையும் திறந்திருக்காது. தெரியும். கடற்கரை மட்டும் நடந்து போனேன். பள்ளிவாசலில் தொழுகை கலைந்து சனம் வீதிக்கு வந்த பிறகுதான் திரும்பினேன். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. விரிப்பை உதறி மடித்து வைத்தேன்.

பின்னேரம் பாண்டிருப்பு வீட்டுக் கிணற்றில் இருந்து அவள் உடம்பை எடுத்தது நீங்கள்தான், நான் பார்க்கப் போகவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், சேர். புருசன் பெண்சாதி விசயத்தில் வெளியாள் நான் எப்படித் தலையிடுவது?